இடது மூளையில் ஒரு கருந்திட்டு

"சாக்கு" என்றார் அவர்.

மதுரை ஆஸ்பத்திரியில் அது மூன்றாம் நாள் காலை. விழுங்க முடிகிறதா என்று நர்ஸ் ஒரு கரண்டி தண்ணீர் கொடுத்துப் பார்த்து, "கஞ்சி குடுக்கலாம்மா, மெதுவா" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். இரண்டு நாளாகப் பேச்சில்லாமல் கிடந்த என் கணவர், ஐந்தாறு கரண்டி கஞ்சி உள்ளே போனதும் வாயைத் திறந்து சொன்ன முதல் சொல் அதுதான்.

பேச்சு வந்துவிட்டது. ஆனால் சாக்கு எதற்கு?

"என்ன சாக்கு? கடையில இருக்கிற சாக்கா?" என்று காதருகே குனிந்து கேட்டேன். "அதெல்லாம் பத்திரமா இருக்கு. நீங்க குடிங்க."

அடுத்த கரண்டியை நீட்டினேன். தலையைத் திருப்பிக்கொண்டார். "சாக்கு… சாக்கு" என்று மறுபடியும் சொல்லி, அசைகிற ஒரே கையான இடது கையால் கரண்டியைத் தள்ளினார். சோர்வில் அடம் பிடிக்கிறார் என்று நினைத்தேன். கன்னத்தைப் பிடித்துத் திருப்பி, "இன்னும் ரெண்டே வாய்" என்று ஊட்டினேன். இரண்டாவது வாயில் புரையேறிவிட்டது. முகம் ரத்தமாகச் சிவந்து, கண் பிதுங்கி, மூச்சுக்குத் தவித்தார். நர்ஸ் ஓடி வந்து முதுகைத் தூக்கி உட்கார வைத்துத் தட்டினாள். அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது.

பக்கத்துக் கட்டிலில் தன் அப்பாவுக்குத் துணையாக இருந்த பெண் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். அருப்புக்கோட்டைக்காரி. மெல்ல என் அருகில் வந்தாள்.

"டீச்சரம்மா, தப்பா நெனச்சுக்கிராதீக. அவுக போதும்னு சொன்னாக."

"எப்படிச் சொல்றீங்க?"

"எங்க வீட்லயும் கன்னடந்தான் பேசுவோம். சாக்குன்னா போதும்னு அர்த்தம்."

கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கல்யாணமாகி இருபத்தாறு வருஷம். என் கணவர் போதும் என்கிறார். அதை இன்னொருத்தி எனக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

வருஷம் ஒரு ஆட்டு மூளை

என் பள்ளிக்கூடத்து நாட்களைப் பற்றி இந்தத் தொடரில் நிறைய எழுதிவிட்டேன். என் கணவர் ஜெகதீசனைப் பற்றி எழுதாமல் தள்ளிப்போட்டு வந்திருக்கிறேன். 'உங்கள் வீட்டுக்காரர் எங்கே?' என்று வாசகி ஒருவர் கடிதத்தில் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி.

திருச்சுழிப் பக்கத்தில் ஒரு பள்ளியில் நான் உயிரியல் ஆசிரியை. பத்தாம் வகுப்புக்கு மனித மூளையை எத்தனை முறை நடத்தியிருப்பேன் என்று கணக்கில்லை. பலகையில் பக்கவாட்டில் ஒரு தலை வரைவேன். மேலே மடிப்பு மடிப்பாகப் பெருமூளை. நினைப்பு, பேச்சு, பார்வை, கை கால் அசைவு எல்லாம் அங்கே. பின்னால் பிடரிக்கு மேலே சிறுமூளை. நடந்தால் விழாமல் இருப்பதும், ஊசியில் நூல் கோர்ப்பதும் அதன் தயவு. அடியில் தண்டுபோல இறங்குவது முகுளம். நாம் தூங்கினாலும் அது தூங்காமல் மூச்சையும் இதயத் துடிப்பையும் பார்த்துக்கொள்கிறது.

படத்தில் மட்டும் காட்டினால் பிள்ளைகளுக்குப் பிடிபடாது என்று, வருஷத்துக்கு ஒரு நாள் ஆட்டு மூளை கொண்டுபோவேன். வாங்கி வருவது அவர் வேலை. கறிக்கடைக்காரர், "வறுக்கவா, குழம்புக்கா?" என்று கேட்பாராம். "பாடத்துக்கு" என்பாராம் இவர். தூக்குவாளியில் உப்புத் தண்ணீர் ஊற்றி அதில் போட்டு, வண்டியில் குலுங்காமல் கொண்டுவந்து கொடுப்பார்.

ஒரு தடவை நான் வீட்டிலேயே அறுத்துப் பழகிப் பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து குந்தினார். சிறுமூளையை நடுவே பிளந்தால் உள்ளே வெள்ளையாக ஒரு சின்ன மரம் கிளைவிட்டு நிற்கும். அதை வெகுநேரம் பார்த்தார். மோட்டார் வேலை பார்க்கிறவருக்கு எதையும் திறந்து பார்ப்பதில் ஆசை.

"இதுல பேச்சு எங்க இருக்கு?" என்று கேட்டார்.

"ஆட்டுக்கு ஏது பேச்சு. மனுசனுக்குன்னா இங்க" என்று, அவருடைய இடது நெற்றிப்பொட்டுக்குச் சற்று முன்னால், புருவம் முடிகிற இடத்துக்கு மேலே, கத்தி பிடிக்காத கையால் தொட்டுக் காட்டினேன்.

"இம்புட்டு எடந்தானா?" என்றார்.

அன்று காலை

அவருக்குத் திருச்சுழியில் மோட்டார் காயில் கட்டுகிற கடை. எங்கள் பக்கம் கண்மாய் நம்பிக்கை போனதற்குப் பிறகு எல்லாம் ஆழ்குழாய்க் கிணறுதான். கோடையில் கரண்டு தாழ்ந்து ஏறும்போது மோட்டார்கள் எரியும். எரிந்த மோட்டாரைப் பிரித்து, கருகிய கம்பியை உருவி எறிந்துவிட்டு, புதுச் செம்புக் கம்பியைச் சுற்றிக் கட்டுவார். மல்லாங்கிணறு வரைக்கும் அவர் கைக்குப் பெயர் உண்டு.

அன்று கம்பி சுற்றிக்கொண்டிருந்தவரின் வலது கை சட்டென்று மடியில் விழுந்திருக்கிறது. கம்பியை இடது கையால் எடுக்கப் பார்த்திருக்கிறார். எதிரே டீக்கடைக்காரர் பார்த்து ஓடி வருவதற்குள் வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது. வலிப்பு என்று நினைத்துச் சாவிக் கொத்தைக் கையில் திணித்து, முகத்தில் சோடா அடித்துப் படுக்க வைத்திருக்கிறார்கள். எனக்குத் தகவல் வந்து நான் போய்ச் சேர்வதற்குள் ஒரு பாடவேளைக்கு மேல் ஆகிவிட்டது.

"ரெண்டு கையையும் தூக்குங்க" என்றேன். இடது கை எழுந்தது. வலது கை சாவிக் கொத்தோடு கிடந்தது. "என் பேரு என்ன? சொல்லுங்க." என்னைப் பார்த்தார். உதடு அசைந்தது. காற்றுதான் வந்தது.

வலது கை விழுந்தால் கோளாறு இடது மூளையில். பரீட்சைக்கு விடை எழுதுவதுபோல மனசுக்குள் வாக்கியம் ஓடியது.

காரில் மதுரைக்குப் போகும் வழியெல்லாம் அவர் தலை என் மடியில். சாமியைக் கும்பிடத் தோன்றவில்லை. பாடத்தைத்தான் சொல்லிக்கொண்டு போனேன். மூச்சு சீராக வருகிறது, முகுளத்துக்கு ஒன்றுமில்லை. கண் என்னைப் பின்தொடர்கிறது, பின்பக்க மடல் நன்றாக இருக்கிறது. என்னைப் பார்த்ததும் கண்ணில் தண்ணீர் வருகிறது, அப்படியானால் நான் யார் என்பது உள்ளே அழியாமல் இருக்கிறது. அருப்புக்கோட்டை தாண்டியதும் மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். எது போயிற்று என்பதை எண்ணப் பயந்துகொண்டு எது மிச்சம் என்பதையே திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தேன்.

டாக்டர் காட்டிய படம்

புரையேறிய அன்று மத்தியானம் டாக்டரம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். என்னைவிடப் பத்து வயது சின்னவர். ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் வைத்து, "நீங்க பயாலஜி டீச்சர்தானே, வந்து பாருங்க" என்றார்.

சாம்பல் நிற மூளையில் இடது பக்கம், நெற்றி மடலின் பின்கோடியில், ஒரு நெல்லிக்காய் அளவுக்குக் கருந்திட்டு. ரத்தம் போகாமல் செத்த இடம். வீட்டில் என்றோ ஒரு நாள் நான் விரல் வைத்துக் காட்டிய இடத்துக்குச் சரியாக உள்ளே.

"சொல்லை எடுத்து வாய்க்குக் கொண்டுவர்ற இடம் இது. பக்கத்துலதான் கையை அசைக்கிற இடம். அதனால ரெண்டும் சேர்ந்து போயிருச்சு. கேட்டுப் புரிஞ்சுக்கிறதுக்கு இன்னும் பின்னால, காதுக்கு மேல ஒரு இடம் இருக்கு. அங்கேயும் ஓரத்துல கொஞ்சம் பட்டிருக்கு."

"கன்னடத்துல மட்டும் பேச்சு வருது டாக்டர். எங்கிட்ட அவர் கன்னடமே பேசினதில்ல."

"ரெண்டு மொழிக்காரங்களுக்கு இப்படி ஆகும்போது ரெண்டும் ஒரே மாதிரி திரும்பணும்னு இல்லம்மா. சிலருக்கு அதிகமா பேசினது முதல்ல வருது. சிலருக்குச் சின்ன வயசுல கத்துக்கிட்டது முதல்ல வருது. ஏன்னு எங்களுக்கே முழுசாத் தெரியாது."

"தமிழ் வருமா?"

"வரலாம். வராமலும் இருக்கலாம். ஆனா ஒண்ணு சொல்றேன். அவர் எந்த மொழியில பேசுறாரோ அதுல யாராவது பதில் சொல்லணும். பதிலே வரலன்னா நாளடைவுல முயற்சி பண்றதை விட்டுருவாங்க."

படத்தை உறைக்குள் போட்டுக் கொடுத்தார். நான் நகராமல் நின்றேன். டாக்டரம்மாவுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். அந்த மொழியை எங்கள் வீட்டுக்குள் வரக்கூடாது என்று சொன்னதே நான்தான்.

வீட்டுக்குள் வராத பேச்சு

நான் நரிக்குடிப் பக்கத்து விவசாயக் குடும்பம். அவர் அருப்புக்கோட்டையில் நெசவுக் குடும்பம். வீட்டுக்குள் கன்னடம், வாசலைத் தாண்டினால் தமிழ். எங்கள் கிணற்று மோட்டாரைச் சரிபார்க்க வந்தவர். இரண்டு வீட்டுக்கும் பிடிக்காமல்தான் கல்யாணம் நடந்தது. என் வீட்டில் கதவை அடைத்தார்கள். அவர் அம்மா மட்டும், "சரி, வந்து இருங்க" என்று சேர்த்துக்கொண்டார்.

அந்த வீட்டில் ஆறு மாதம் இருந்தேன். நான் அடுப்படிக்குள் நுழைந்தால் பேச்சு கன்னடத்துக்கு மாறும். யாராவது சிரிப்பார்கள். என்னைப் பற்றித்தான் என்று நினைத்துக்கொள்வேன். இன்று யோசித்தால், பாதி நேரம் அவர்கள் பாவு, நூல், பக்கத்து வீட்டுக் கல்யாணம் என்று எதையோ பேசியிருக்கலாம். அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. காதில் விழுந்த ஒவ்வொரு புரியாத சொல்லும் என்னைக் குத்தவே சொல்லப்பட்டதாகத் தோன்றியது.

எனக்கு வேலை கிடைத்துத் திருச்சுழிக்குத் தனியாக வந்தோம். வாடகை வீட்டில் பால் காய்ச்சிய அன்றே அவரிடம் சொன்னேன்: "இந்த வீட்டுக்குள்ள அந்தப் பேச்சு வேணாம். என் காதுல விழக்கூடாது."

"சரி" என்றார். அவ்வளவுதான். முகம்கூடக் கோணவில்லை.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மகள் பிறந்தபோது அவளைக் கொஞ்சியதும் தமிழில்தான். அவர் அம்மா இறந்தபோது, நான் பக்கத்தில் நின்றதால், காலைப் பிடித்துக்கொண்டு வாய் திறக்காமல் அழுதார். அவருடைய அக்கா சௌடம்மாள் அன்று எனக்குப் புரியவேண்டும் என்றே தமிழில் சொன்னார்: "பெத்தவளக் கூப்பிட்டு அழக்கூட விடாம எந்தம்பி வாயக் கட்டிட்டா."

அதற்குப் பிறகு நான் அந்த வீட்டுப் படி ஏறவில்லை.

தறிச் சத்தத்தில்

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த புதிதில் அவர் நிறைய முயன்றார். "நீரு" என்றால் தண்ணீர். அது எனக்கே புரிந்தது. "நோவு" புரிந்தது. அதற்கு மேல் இரண்டு சொல்லைச் சேர்த்து எதையாவது சொன்னால் நான் விழிப்பேன். கையைக் காட்டுவேன், பொருளை எடுத்து எடுத்துக் காட்டுவேன். இல்லை இல்லை என்று தலையாட்டிக் களைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். பத்து நாளில் சொற்கள் குறைந்தன. ஒரு காலையில் காபி கொண்டுபோனபோது சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். கூப்பிட்டும் திரும்பவில்லை.

கோயம்புத்தூரில் படிக்கும் மகள் விடுப்பில் வந்திருந்தாள். அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு அருப்புக்கோட்டை பஸ்ஸில் ஏறினேன்.

சௌடம்மாள் மதினி வீட்டு முன்கட்டு முழுக்க விசைத்தறி. நான் வாசலில் நின்று கூப்பிட்டது அந்த இரைச்சலில் அவருக்கே கேட்டிருக்காது. ஆனாலும் நிமிர்ந்து பார்த்தார். பார்த்துவிட்டு அறுந்த நூலை முடிந்தார். பிறகுதான் ஒவ்வொரு தறியாக நிறுத்திக்கொண்டு வந்தார். கடைசித் தறி நின்றதும் காது அடைத்ததுபோல் இருந்தது.

"எப்புடி இருக்கான்?"

"வீட்டுக்கு வந்துட்டோம் மதினி."

"மொத நாளு வந்து பாத்தேன். நீ டாக்டர்ட்டப் போயிருந்த. கண்ணே தொறக்கல அவன்."

"இப்ப கொஞ்சம் பேச்சு வருது. தமிழ் வரல. உங்க பேச்சு மட்டுந்தான் வருது."

அவர் கையிலிருந்த நூல் கழிவை உருட்டிக்கொண்டே இருந்தார்.

"நீ வேணாம்னு சொன்ன பேச்சுதான?"

"ஆமா."

நான் மறுப்பேன் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ, என் முகத்தை அப்போதுதான் நேராகப் பார்த்தார்.

"அவர் என்ன கேக்குறாருன்னு எனக்குத் தெரியல மதினி. சுவத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துட்டாரு. நீங்க வரணும். எனக்கும் சொல்லிக் குடுக்கணும். என்னைப் பிடிக்காட்டியும் பரவாயில்ல, வரணும்."

பக்கத்தில் கிடந்த மர பெஞ்சைக் காட்டி உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை.

"இதுலதான் உக்காருவான். கம்பி வாங்க வாரேன்னு மாசத்துல ரெண்டு வாட்டி வருவான்ல, வாங்கிட்டு இங்க வந்துருவான். தறி ஓடிக்கிட்டே இருக்கும். சத்தத்துக்கு மேல கத்திக் கத்திப் பேசுவான், எங்க அம்மாகூடப் பேசுன மாதிரியே. போறப்ப, 'அக்கா, தொண்ட கட்டிருச்சு'ன்னு சொல்லிட்டுப் போவான்."

கம்பி வாங்கிவரும் நாட்களில் அவர் குரல் கம்மி வீடு திரும்புவது எனக்கு நினைவிருக்கிறது. டவுன் தூசி என்று சொல்லிப் பாலில் மிளகு தட்டிப்போட்டுக் கொடுப்பேன். ஒன்றும் சொல்லாமல் குடிப்பார்.

என்னிடம் மறைத்துவிட்டாரே என்ற கோபம் ஒரு கணம்தான் இருந்தது. ஒரு மனிதர் தன் தாய்மொழியைப் பேசுவதற்கு இரும்புச் சத்தத்துக்குள் போய் ஒளிந்துகொள்ள வேண்டியிருந்ததை நினைத்தபோது, நிமிர்ந்து உட்காரக்கூட முடியவில்லை. அந்த பெஞ்சில் குனிந்து அழுதேன்.

மதினி என்னைத் தேற்றவில்லை. அழுது முடிக்கிற வரைக்கும் நின்றார். பிறகு, "துணி எடுத்துட்டு வாரேன். நாலு மணி பஸ்ஸு இருக்கு" என்றார்.

ஏனு

"ஜெகா" என்று மதினி கூப்பிட்டதும் சுவர்ப் பக்கம் இருந்த முகம் திரும்பியது.

அவர் பேசினார். அருவிபோல என்றெல்லாம் எழுத முடியாது. ஒவ்வொரு சொல்லாக, நடுவே வெகுநேரம் தேடி, மூச்சு வாங்கி. ஆனால் ஒவ்வொன்றுக்கும் அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. வலது பக்கம் செத்த முகத்தில் இடது பக்கம் மட்டும் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். நான் அடுப்படி வாசலில் நின்றேன். எனக்குப் புரியாத மொழியில் இரண்டு பேர் பேசுகிறார்கள். இந்தத் தடவை அது என்னைக் குத்தவில்லை. என்ன பேசுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளத் தவிப்பாக இருந்தது.

மகளுடைய பழைய நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தேன். ஊட்டா என்றால் சாப்பாடு. மனெ என்றால் வீடு. மாத்து என்றால் பேச்சு. வா என்பதை அவர்கள் பா என்கிறார்கள், வேண்டாம் என்பது பேடா. நம்முடைய வ பல இடங்களில் அங்கே ப ஆகிவிடுகிறது என்று நானாகக் கண்டுபிடித்து மதினியிடம் சொன்னேன். "அப்புடியா? எனக்குத் தெரியாதே" என்றார். பேசுகிறவர்களுக்கு அது தெரியவேண்டிய அவசியமில்லை.

ஒரு நாள் நான் அவரிடம் ஏதோ வேகமாகத் தமிழில் சொன்னபோது, "ஏனு?" என்றார். நான் பேசுவதை நிறுத்திவிட்டேன். ஆஸ்பத்திரியிலும் அந்தச் சொல்லைப் பலமுறை கேட்டிருக்கிறேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, எல்லாம் சரியாகிவிடும் என்று நான் அழுதுகொண்டே சொல்லும்போது, என் முகத்தையே பார்த்து, "ஏனு… ஏனு…" என்பார். ஏன் என்று கேட்கிறார், எனக்கு ஏன் இப்படி ஆனது என்று கேட்கிறார் என்றே நினைத்திருந்தேன். "எனக்கு எப்படிங்க தெரியும்" என்று சொல்லி இன்னும் அழுவேன்.

"ஏன்னு கேக்கல மல்லிகா" என்றார் மதினி. "ஏனுன்னா என்ன. நீ என்ன சொல்றன்னு கேக்குறான். மெதுவாச் சொன்னா தமிழ் வெளங்குது அவனுக்கு. நீ வெரசாச் சொல்ற."

அவர் கேட்டது அவ்வளவு சின்னக் கேள்வி. என்ன சொல்கிறாய், இன்னொரு தரம் சொல். அதற்கு நான் விதியைப் பற்றி அழுதிருக்கிறேன்.

மல்லிகா என்று மதினி என் பெயரைச் சொன்னதும் அன்றுதான் முதல் தடவை. இரண்டு பேருமே அதைக் கவனிக்காததுபோல இருந்துவிட்டோம். பழையதைப் பேசித் தீர்த்துக்கொள்ள நாங்கள் ஒரு நாளும் உட்காரவில்லை. மதினி மூன்று மாதம் எங்களோடு இருந்தார். பிறகு தறி கெடுகிறது என்று கிளம்பி, வாரம் ஒரு நாள் வந்துபோனார்.

செத்த இடம் உயிர்க்காது. அது பாடத்திலேயே இருக்கிறது. ஆனால் அதைச் சுற்றி இருக்கும் இடங்கள் கொஞ்சம் கொஞ்சமாக வேலையைப் பகிர்ந்துகொள்ளப் பழகும் என்று டாக்டரம்மா சொன்னார். எங்கள் வீட்டில் அது நடந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். கால் முதலில் வந்தது. ஊன்றுகோலோடு வாசல்வரை, பிறகு தெருமுனைவரை. கை வரவில்லை, இன்றுவரை மடக்கியபடிதான் இருக்கிறது. தமிழில் மகள் பெயருக்குப் பிறகு ஒன்றிரண்டு சொற்கள் வந்து நின்றன. நான் அவரோடு பேசுவது நோட்டில் எழுதிவைத்த கன்னடத்தில். தப்பும் தவறுமாக இருக்கும். திருத்துவார். வாத்தியார் வேலை பார்க்கிறவளைத் திருத்துவதில் அவருக்கு ஒரு மகிழ்ச்சி இருந்தது என்று நினைக்கிறேன்.

கடை திறந்த அன்று

ஐப்பசி மழை ஒன்று பெய்து விட்டிருந்த ஒரு காலையில், கடைக்குப் போகவேண்டும் என்று சாவியைக் காட்டினார்.

ஏழெட்டு மாதம் பூட்டிக் கிடந்த கடை. ஷட்டரைத் தூக்கியதும் வார்னிஷ் வாசனையும் எலிப் புழுக்கை வாசனையும் சேர்ந்து வந்தன. பாதி கட்டிய மோட்டார் அப்படியே மேசைமேல் இருந்தது. அவர் முன்னால் போய் நின்று பார்த்தார். ஸ்டூலில் உட்கார்ந்து, தொங்கிக்கொண்டிருந்த செம்புக் கம்பியின் முனையை இடது கையால் எடுத்து அச்சில் சுற்ற ஆரம்பித்தார்.

உதடு அசைந்தது. குரலும் வந்தது.

"ஒந்து… எரடு… மூரு…"

கம்பி சுற்றும்போது அவர் உதடு அசையும். இருபத்தாறு வருஷமாகப் பார்த்திருக்கிறேன். சுற்றுகளை எண்ணுகிறார் என்று தெரியும். எந்த மொழியில் எண்ணுகிறார் என்று ஒரு நாளும் எனக்குக் கேட்கத் தோன்றியதில்லை. வீட்டுக்குள் வரவேண்டாம் என்று நான் சொன்ன பேச்சு, நான் மதியச் சாப்பாடு கொண்டுவந்து பக்கத்தில் நிற்கும்போதெல்லாம், சத்தமில்லாமல் அவர் உதட்டில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

எட்டாவது சுற்றில் கம்பி நழுவியது. மறுபடி எடுத்தார். மறுபடி நழுவியது. இரண்டு கை வேண்டிய வேலை அது. மூன்றாம் தடவை கம்பியை எடுக்கவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அந்த வேலை முடிந்துவிட்டது என்று அவருக்கும் எனக்கும் அப்போது தெரிந்தது.

நான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். பல நாளாக மனசுக்குள் கோர்த்து வைத்திருந்த வாக்கியம். மதினியிடம்கூடச் சரியா என்று கேட்டுக்கொள்ளவில்லை.

"மாத்து பேடா அந்தே" என்றேன். பேச்சு வேண்டாம் என்று சொன்னேன். "நந்தே தப்பு." என் தப்புதான்.

தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். அவருக்குச் சொல் வந்து சேர நேரம் எடுக்கும். காத்திருக்க நான் பழகியிருந்தேன். எதிரே டீக்கடையில் யாரோ கண்ணாடித் தம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பிடு" என்றார்.

எனக்குப் புரிந்துவிட்டது. தலையாட்டினேன். ஆனால் அவர் முடிக்கவில்லை. நெற்றி சுருங்கியது. வாய் ஒரு பக்கமாகக் கோணி, திறந்து, மூடி, மறுபடி திறந்தது. எதையோ தேடுகிறார். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசியில், கீழுதட்டை மேல்பல்லில் அழுத்தி, அந்த முதல் எழுத்தைப் பிடித்துக்கொண்டு, எனக்காகத் தமிழில் சொன்னார்.

"விடு."